தீவாளி ரிடிம்: கீறல் விழுந்த இரட்டை இசைத்தட்டைச் சீர்செய்த பதிவு

ரொறன்ரோவில் எக்ளின்டன் மேற்குப் பகுதியை லிட்டில் ஜமைக்கா என்பார்கள். முடிதிருத்தும் கடைகள், இசைத்தட்டுக் கடைகள், இறைச்சி அடைத்த 'பட்டி' பலகாரம் விற்கும் பேக்கரிகள் என்று நீண்டு போகும் தெரு. 2011இல் அங்கே ரயில் பாதை வேலை தொடங்கியது. அது ஆண்டுக்கணக்கில் இழுத்ததில் பல கடைகள் மூடிப்போயின. நான் முடி வெட்டிக்கொண்டிருந்த கடையும் அதில் ஒன்று. கடையைக் காலி செய்த நாளில் அதன் உரிமையாளர் ஒரு பிளாஸ்டிக் பால் கூடையைத் தூக்கி என் கையில் வைத்தார். உள்ளே ஒரு இரட்டை எல்பி (பல பாட்டுகள் கொண்ட பெரிய இசைத்தட்டு இரண்டு), பதினொரு 7 அங்குலத் தட்டுகள். எல்லாமே ஒரே ரிடிம், அதாவது ஒரே தாளக்கட்டு. "இதைக் கேட்கிற மாதிரி ஆக்கிக் கொடு, தட்டுகளை நீயே வைத்துக்கொள்" என்றார். வீட்டில் நான் பழைய தட்டுகளைக் கழுவிக் கணினியில் ஏற்றுவது அவருக்குத் தெரியும்.

அந்த எல்பி, லண்டனின் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'தீவாளி'. நம் தீபாவளியின் பெயர்தான். ஒரே ரிடிமை வைத்து அவர்கள் வரிசையாக வெளியிட்டு வந்த தொகுப்புகளில் 27ஆவது.

ரிடிம் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜமைக்காவில் ஒரு தயாரிப்பாளர் குரலே இல்லாத தாளக்கட்டு ஒன்றை பேஸ் என்னும் அடித்தொனி ஓட்டத்தோடு சேர்த்துச் செய்து வைப்பார். அதற்கு ஒரு பெயரும் வைப்பார். அதுதான் ரிடிம். அப்புறம் பத்து, இருபது பாடகர்கள் தனித்தனியாக வந்து, அதே ரிடிமின் மேல் தங்கள் சொந்த வரிகளைச் சொந்த மெட்டில் பாடிவிட்டுப் போவார்கள். ஒவ்வொன்றும் ஒரு 45 ஆக, அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் 7 அங்குலத் தட்டாக வெளிவரும். பின்பக்கத்தில் பெரும்பாலும் குரல் நீக்கிய 'வெர்ஷன்' இருக்கும். இரவில், ஆட்டத்துக்கான ஒலிபெருக்கி அமைப்பான சவுண்ட் சிஸ்டத்தை நடத்தும் செலக்டர் இந்தத் தட்டுகளை இடைவெளி விடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவார். அதற்கு ஜக்ளிங் என்று பெயர். தாளம் நிற்காது, குரல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த 45களை எல்லாம் ஒரு எல்பியில் சேர்த்தால் அது ரிடிம் தொகுப்பு. 1974இல் ரூபி எட்வர்ட்ஸ் ஒரே ரிடிமை வைத்து 'யமஹா ஸ்காங்க்' என்ற முழு எல்பியை வெளியிட்டார். இந்த வகைத் தொகுப்புக்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். 1985இல் வெயின் ஸ்மித்தும் நோயல் டேவியும் காசியோ எம்டி-40 என்ற சின்ன விசைப்பலகைக்குள் கண்டெடுத்த தாளத்தை கிங் ஜாமி வேகம் குறைத்து 'ஸ்லெங் டெங்' ஆக்கினார். அதற்குப் பிறகு வாத்தியக் குழுவின் இடத்தை இயந்திரத் தாளம் பிடித்துக்கொண்டது.

தீவாளி ரிடிமைச் செய்தவர் ஸ்டீவன் 'லென்கி' மார்ஸ்டன். கேட்டவுடன் காதில் விழுவது கைத்தட்டல். ஜமைக்காவின் ஆட்ட இசையான டான்ஸ்ஹாலின் வழக்கமான நடை மூன்று, மூன்று, இரண்டு. நம் சொற்கட்டில் சொன்னால் 'தகிட தகிட தக'. தீவாளியில் அந்த நடைக்கு மேலே கைத்தட்டல்கள் முன்னும் பின்னுமாகச் சிதறி விழும். சுருதி சொல்லும் வாத்தியங்கள் மிகக் குறைவு. பாடகருக்கு அங்கே ஒரு பெரிய முற்றம் காலியாகக் கிடக்கிறது. இந்த ஒரே ரிடிமின் மேல் ஷான் பால் பாடிய பாட்டு 2003இல் அமெரிக்க பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. வெயின் வொண்டர் பாடியது 11ஆம் இடம் வரை வந்தது. நியூயார்க்கின் லுமிடீ பாடியது 3ஆம் இடம். மூன்று பேர், மூன்று மெட்டு, அடியில் ஒரே கைத்தட்டல்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

கூடை கடையின் நிலவறையில் இருந்திருக்க வேண்டும். உறைகளில் ஈர வாசம், ஒரு தட்டின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. பூஞ்சை பிடித்த தட்டை அப்படியே ஓடவிடக் கூடாது. அது ஊசியில் ஒட்டிக்கொண்டு அடுத்த தட்டுக்கும் போகும். காய்ச்சி வடித்த நீரில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் குறைவாகக் கலந்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டே சொட்டு விட்டேன். நடுவிலுள்ள காகித லேபிளை ஒரு பிளாஸ்டிக் மூடியால் மறைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் அழுக்கை உள்ளே தள்ளுவோம். அப்புறம் வெறும் வடிநீரில் இரண்டு முறை அலசி, பாத்திரம் காயவைக்கும் தட்டியில் செங்குத்தாக நிறுத்திவிட்டேன். குழாய்த் தண்ணீரை நான் தொடுவதில்லை. அதிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்தில் படிந்துவிடும், பிறகு அதுவே கொரகொரப்பாகக் கேட்கும். பழைய காகித உள்ளுறைகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவை போட்டேன். படம் அச்சிட்ட வெளியுறையைத் துடைத்து நிழலில் நாலு நாள் ஆறவைத்தேன்.

எல்பியின் முதல் தட்டு, இரண்டாவது பக்கம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது வெளி ஓரத்திலிருந்து உள்ளே இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல். நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஆழம். நேராக மையத்தை நோக்கிப் போகாமல் லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு பிறகு எனக்கு உதவியது.

45களில் ஒன்பது பரவாயில்லை. ஒன்று அப்பளம் போல் நெளிந்திருந்தது. இன்னொன்றின் துளை மையம் தப்பியிருந்தது. ஜமைக்காவில் அச்சான 45களில் இது அடிக்கடி பார்க்கிற விஷயம்தான். துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், 80 மில்லிமீட்டர் ஆரத்தில் சுருதி ஒன்றேகால் சதவீதம் மேலும் கீழும் ஆடும். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.33 விநாடி ஆகிறது. அந்த 1.33 விநாடிக்கு ஒருமுறை குரல் ஊஞ்சல் போல் போய் வரும். இதற்காகத் தட்டின் துளையை அரத்தால் ராவுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. இந்த 45களின் நடுத்துளை பெரியது, ஒரு பிளாஸ்டிக் அடாப்டரை வைத்துத்தான் டர்ன்டேபிளில் பொருத்துவோம். அடாப்டர் போனால் இன்னொன்று வாங்கலாம், தட்டு போனால் கிடைக்காது. அதனால் அடாப்டரின் விளிம்பை உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்கினேன். இப்போது தட்டு அதன் மேல் தளர்வாக உட்காரும். ஓடவிட்டு ஊசிக் கை இடமும் வலமும் ஆடுவதைக் கவனித்து, நிறுத்தி, விரலால் ஒரு மயிரிழை தள்ளி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். பதினைந்து, இருபது தடவைக்குப் பிறகு கை ஆடாமல் நின்றது. குரலும் நின்றது.

நெளிந்த தட்டை இரண்டு தடித்த கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவில் வைத்து, மேலே இரண்டு அரிசி மூட்டைகளை ஏற்றி, ஹீட்டரிலிருந்து கொஞ்சம் தள்ளி விட்டிருக்கிறேன். அடுப்பில் வைத்து நிமிர்த்தும் வழியும் உண்டு. சூடு சற்றுக் கூடினால் வரிப்பள்ளமே உருகிவிடும். அவசரமில்லை.

பதிவு அமைப்பு எளிமையானதுதான். டர்ன்டேபிளின் கீழே கனமான கிரானைட் பலகை ஒன்று, ஏனென்றால் டான்ஸ்ஹால் பேஸ் தரையைப் பிடித்து அசைக்கும், அந்த அசைவு ஊசிக்கே திரும்பி வந்தால் பதிவு குழம்பிப்போகும். பதிவு செய்யும்போது ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஹெட்போனில்தான் கேட்டேன். ஊசி அழுத்தம் 1.8 கிராம். ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப், அங்கிருந்து அதைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஒலி இடைமுகம், அப்புறம் அவுடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். இறுதிக் கோப்புக்கு இவ்வளவு தேவையில்லை. கீறலின் சத்தம் ஆயிரத்தில் ஒரு விநாடிகூட நீடிக்காது. நுணுக்கமாகப் பதிந்தால்தான் அது அலைவடிவத்தில் முள்ளாகத் தனித்துத் தெரியும், பிடுங்குவதும் சுலபம்.

முதல் பதிவைக் கேட்டபோதுதான் சிக்கல். கீறல் இருக்கும் பக்கத்தின் முதல் பாட்டில் கீறல் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. 'டிக்' என்று ஒரு மெல்லிய தட்டல் மட்டும் ரிடிமோடு ஒட்டி, கச்சிதமாக விழுந்துகொண்டிருந்தது. யாரோ மரக்கட்டையில் தட்டுவது போல. இந்தப் பாட்டின் கலவையில் ஒரு தாளக்கருவியைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன். அப்படிச் செய்வதும் வழக்கம்தான். ஒரே ரிடிம் என்றாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாகக் கலவை செய்வார்கள்.

சந்தேகம் தீர டர்ன்டேபிளின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். தட்டின் கோளாறு என்றால் பாட்டை விட்டு விலகும் என்று நினைத்தேன். விலகவில்லை. பாட்டு வேகமானது, டிக்கும் கூடவே வேகமானது. யோசித்தால் விலகவும் முடியாது. கீறலும் பாட்டும் ஒரே தட்டில் இருக்கின்றன, தட்டு எப்படிச் சுழன்றாலும் இரண்டும் சேர்ந்தே போகும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிடித்தது என் தங்கச்சி. அவள் ஸ்காபரோவில் எட்டு வருடம் மிருதங்கம் படித்தவள். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணா, பாட்டு நாலு நாலாப் போகுது. இந்தச் சத்தம் மூண்டு மூண்டா விழுகுது. பன்னிரண்டுக்கு ஒருக்காத்தான் ரெண்டும் சேருது" என்றாள். நான் மறுபடி எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். மூன்று தாளத் தட்டுக்கு ஒரு டிக்.

அதற்குப் பிறகு கணக்குத்தான். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும். ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. தீவாளி ரிடிமின் வேகம் நிமிடத்துக்கு 100 தாளத் தட்டு. ஒரு தாளத் தட்டுக்கு 0.6 விநாடி. 1.8ஐ 0.6ஆல் வகுத்தால் சரியாக 3. வேகம் 100 உள்ள எந்தப் பாட்டை எல்பியில் வெட்டினாலும், ஒரு சுற்று என்பது மூன்று தட்டு. அதன் குறுக்கே விழும் கீறல் மூன்று தட்டுக்கு ஒருமுறை தாளம் பிசகாமல் கேட்கும். அதே பாட்டின் 45ஐப் போட்டுப் பார்த்தேன். டிக் இல்லை. 45இல் ஒரு சுற்று 1.33 விநாடி, அதாவது இரண்டேகால் தட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் கீறல் விழுந்திருந்தால் முதல் நொடியிலேயே தாளம் தப்பிக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இன்னொரு சாட்சியும் இருந்தது. பாட்டின் தொடக்கத்தில் தாளத் தட்டோடு ஒட்டி விழுந்த டிக், முடிவுக்கு வரும்போது சற்று நகர்ந்திருந்தது. கீறல் சாய்ந்திருக்கிறதல்லவா, ஒவ்வொரு சுற்றிலும் ஊசி அதைத் தொடும் இடம் துளித்துளியாகத் தள்ளிப்போகிறது. தாள இயந்திரம் அப்படி நகராது. சந்தேகம் முற்றிலும் தீர்ந்தது.

இனி டிக்கை எடுக்க வேண்டும். வழக்கமாக நான் செய்வது, அவுடாசிட்டியில் கிளிக் நீக்கும் கருவியை மிதமான அளவில் வைத்து முழுப் பக்கத்தையும் ஓட்டிவிட்டு, மிச்சத்தைக் கையால் பார்ப்பது. அதையே செய்தேன். கேட்டபோது மனசு உடைந்துபோனது. டிக் பாதிதான் போயிருந்தது. கைத்தட்டல்கள் எல்லாம் ஈரத் துணியில் அடித்தது போல் மழுங்கியிருந்தன. கருவிக்கு என்ன தெரியும்? திடீரென எழும் கூரான சத்தம் எதுவானாலும் அதற்குக் கீறல்தான். இந்த ரிடிமோ முழுக்க முழுக்கக் கூரான சத்தத்தில் கட்டியது. வயலின் கச்சேரித் தட்டில் அற்புதமாக வேலை செய்யும் அதே கருவி இங்கே ரிடிமின் உயிரையே சுரண்டி எடுத்துவிட்டது. அந்தக் கோப்பை அழித்துவிட்டு மூலப் பதிவுக்குத் திரும்பினேன். மூலத்தை எப்போதும் தொடாமல் தனியாக வைத்திருப்பேன். அந்தப் பழக்கம் இந்த முறை என்னைக் காப்பாற்றியது.

கீழ்ச்சுருதி முதல் மேல்சுருதிவரை ஒலியைப் படமாக வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாறினால் இரண்டும் வேறு என்று கண்ணுக்கே தெரிகிறது. கீறல், அடியிலிருந்து உச்சிவரை ஒரே நேர்க்கோடாக, கத்தியால் வெட்டியது போல் நிற்கும். கைத்தட்டல் அகலமானது. பல சின்ன வெடிப்புகள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு, பின்னால் ஒரு வால் விட்டுத் தேயும். நிஜத்தில் பல கைகள் சேர்ந்து தட்டும்போது ஒரே கணத்தில் விழுவதில்லையே, அதே குணம்தான். பார்த்துப் பழகிவிட்டால் பிழை வராது.

அதனால் கையாலேயே செய்வது என்று உட்கார்ந்தேன். மூன்று நிமிடப் பாட்டு என்றால் 180 விநாடி. 1.8ஆல் வகுத்தால் 100 சுற்று. பாட்டுக்கு 100 கீறல். இரண்டு சென்டிமீட்டர் கீறல் கிட்டத்தட்ட இரண்டு பாட்டுகளைக் கடந்து போகிறது. ஆக, ஏறத்தாழ 200 முள். எண்ணிக்கை பயமுறுத்தினாலும் முள் எங்கே இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். முதல் முள்ளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 1.8 விநாடிக்கு ஒரு குறி போடும்படி அவுடாசிட்டியிடம் சொன்னால் வரிசையாகக் குறிகளை நட்டுவிடும். சாய்வினால் வரும் நகர்வுக்காக இருபது சுற்றுக்கு ஒருமுறை குறிகளைச் சரிசெய்தேன். அப்புறம் ஒவ்வொரு குறிக்கும் போய், பெரிதாக்கி, முள்ளை மட்டும் தேர்ந்தெடுத்து, 'ரிப்பேர்' கட்டளை. அந்தக் கட்டளை ஒரு தடவைக்கு 128 மாதிரிகளுக்கு (பதிவின் மிக நுண்ணிய துளிகளுக்கு) மேல் ஏற்காது. 96 கிலோஹெர்ட்ஸில் அது 1.3 மில்லிவிநாடி. கீறலுக்குப் போதும். கைத்தட்டலைத் தவறுதலாக விழுங்கும் அளவுக்கு நீளமுமில்லை. இந்தக் கட்டுப்பாடு எனக்கு வேலியாகவே இருந்தது.

இரண்டு சனிக்கிழமைகள் போயின. நூற்று எழுபதாவது முள் அளவில் விரல்கள் தானாகவே அடுத்த குறிக்குப் போகத் தொடங்கிவிட்டன. முடித்துவிட்டுக் கேட்டபோது டிக் இல்லை. அதன் இடத்தில் எனக்கு ஒரு வெறுமைகூடக் கேட்டது, அவ்வளவு பழகியிருந்தேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். பாட்டு திறந்துகொண்டு நின்றது.

அதோடு முடியவில்லை. இரண்டாவது பாட்டில் தங்கச்சி இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். ஒரு சரணத்தின் நடுவில் நாலு தட்டுக் கட்டு ஒன்று குறைபட்டு ஒரே தட்டோடு நின்றுவிடுகிறது என்றாள். கீறல் அங்கே ஆழமாக இருந்து, ஊசி ஒரு பள்ளம் தாண்டி உள்ளே குதித்திருக்கிறது. ஒரு பள்ளம் என்றால் ஒரு சுற்று, ஒரு சுற்று என்றால் மூன்று தட்டு. அதனால் ஆடும் காலுக்குத் தாளம் தப்பாது. ஆடிக்கொண்டிருப்பவர் கவனிக்கவே மாட்டார். கைத்தட்டல் வரிசை மட்டும் உடைந்து, பாடகரின் ஒரு சொல் பாதியில் காணாமல் போகும். நான் நாலு தடவை கேட்டும் கவனிக்கவில்லை.

ஊசி உள்நோக்கிக் குதிக்கிறது என்பதால் ஊசிக் கையை வெளிப்பக்கம் இழுக்கும் ஆண்டி-ஸ்கேட்டிங்கைக் கூட்டினேன். அழுத்தத்தை 2.5 கிராமாக உயர்த்தினேன். டர்ன்டேபிள் வேகத்தை 8 சதவீதம் குறைத்தேன், மெதுவாக வந்தால் ஊசி மேட்டில் மோதி எழும்பும் வேகம் குறையும். ஆறாவது முயற்சியில் ஊசி பள்ளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு கடந்தது. அந்த ஒரு சுற்றை மட்டும் வெட்டி, வேகத்தை 0.92ஆல் வகுத்து மீட்டு, பழைய பதிவில் செருகினேன். இணைப்பை ஒரு கைத்தட்டலுக்கு மிக அருகில், அது எழும்புவதற்கு ஒரு நொடிப்பின்னம் முன்னால் வைத்தேன். கைத்தட்டலின் அடி அந்த ஒட்டை மறைத்துவிடும். சொல் முழுதாகத் திரும்பி வந்தது.

அதே பாட்டின் முன்னிசையில் ஓரிடத்தில் பள்ளத்தின் சுவரே பெயர்ந்துபோயிருந்தது. அரைத் தாளத் தட்டு நேரத்துக்கு வெறும் இரைச்சல். என்ன செய்தாலும் அங்கே எடுக்க எதுவும் இல்லை. குரல் இல்லாத இடம் அது. ரிடிம் தொகுப்பில் மட்டுமே கிடைக்கிற ஒரு வழி அங்கே ஞாபகம் வந்தது. அதே தாளக்கட்டு அந்தத் தொகுப்பில் பல தடவை இருக்கிறதே! ஒன்றின் ஓட்டையை இன்னொன்றால் அடைக்கலாம்.

முதலில் ஒரு 45இன் வெர்ஷன் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினேன். பொருந்தவில்லை. 45ஐ அதிகச் சத்தமாக, கூராக வெட்டியிருக்கிறார்கள். ஒட்டிய இடம் புது வேட்டியில் பழைய துணித் துண்டு போலத் தெரிந்தது. அடுத்து, அதே எல்பியின் வேறொரு பாட்டின் முன்னிசையிலிருந்து எடுத்தேன். ஒலியின் நிறம் பொருந்தியது, பேஸ் இல்லை. அந்தப் பாட்டில் அதே இடத்தில் பேஸை நிறுத்திவைத்து, கைத்தட்டலை மட்டும் தனியாக விட்டிருக்கிறார்கள். இன்னொரு பாட்டில் அங்கே கைத்தட்டல் இல்லை, பேஸ் மட்டும். இப்படி ஒவ்வொன்றாகத் தேடும்போதுதான் அந்த வேலைப்பாடு எனக்குத் தெரிந்தது. எல்லாப் பாட்டிலும் ஒரே ரிடிம் என்று நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கலவை மேசையில் இருந்தவர் ஒவ்வொரு பாடகருக்கும் அதை வேறு மாதிரி திறந்தும் மூடியும் கொடுத்திருக்கிறார். வெயின் வொண்டர் இழுத்து இழைத்துப் பாடுகிறவர். அவருக்குத் தாளம் அடங்கி வழிவிடுகிறது. பவுன்டி கில்லர் கரகரத்த கனத்த குரலில் சொற்களை எறிபவர். அவர் ஒரு வரியை முடிக்கும் இடத்தில் வாத்தியங்கள் சட்டென்று விலகிக் குரலைத் தனியாக நிறுத்துகின்றன. எலிஃபன்ட் மேனுக்கு எல்லாமே சேர்ந்து குதிக்கிறது. ஒட்டுப்போட ஒரு துண்டு தேடாமல் இருந்திருந்தால் இது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

கடைசியில் துண்டு கிடைத்தது அதே பாட்டிலேயே, இரண்டு கட்டு தள்ளி. அதாவது 4.8 விநாடி பின்னால். இரண்டு முனையிலும் 5 மில்லிவிநாடி கரைத்து ஒட்டினேன். எந்த இடத்தில், எங்கிருந்து எடுத்து ஒட்டினேன் என்பதைக் கோப்போடு ஒரு குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் யாராவது நல்ல பிரதி ஒன்றோடு வந்தால் என் ஒட்டைப் பிரித்துவிட்டு உண்மையானதை வைக்கலாம்.

சேமித்தது இரண்டு விதமாக. ஒன்று, தட்டில் உள்ளபடியே, பாட்டுக்குப் பாட்டு இடைவெளியோடு. இரண்டாவது, கடைக்காரருக்காக இடைவெளியில்லாத ஜக்ளிங். பத்து 45களில் எல்பியில் இல்லாத பாட்டுகளையும் இதில் சேர்த்தேன். கட்டின் முதல் தாளத் தட்டில் அடுத்த பாட்டு நுழைய வேண்டும், அவ்வளவுதான் விதி. எல்பிப் பாட்டுகள் தாமாகவே பொருந்தின. 45களில் சிலவற்றின் வேகம் இம்மியளவு பிசகியிருந்தது. ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத் திருத்தியதும் சரியானது. வரிசைதான் நேரம் எடுத்தது. மென்மையான குரலை முதலில் வைத்தால் பின்னால் வரும் கனத்த குரல் கதவை உடைத்துக்கொண்டு வருவது போல் இருக்கும். கனத்த குரலுக்குப் பின் மென்மையானது வந்தால் அதுவரை கவனிக்காத கைத்தட்டல் மேலே எழுந்து கேட்கும். நான் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தேன்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிடிம்களுக்குத் தயாரிப்பாளர்கள் என்ன பெயரும் வைப்பார்கள். 'தீவாளி'க்குப் பின் கோர்டெல் 'ஸ்காட்டா' பரெல் செய்த ஒரு ரிடிமின் பெயர் 'கூலி டான்ஸ்'. அதைக் கேட்கும்போது எனக்குத் தொண்டையில் ஏதோ நிற்கும். 1845 முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இந்தியர்கள் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் போனார்கள். 1917வரை போனவர்கள் 36,000 பேருக்கும் மேல். அந்த நாட்டில் இந்திய வம்சாவளியினரை இழிவாகச் சுட்டும் சொல்லாகவே 'கூலி' நிலைத்துவிட்டது. நம் வாயில் அது உழைப்புக்குக் கிடைக்கும் சம்பளம்.

முடித்த கோப்பை ஒரு சின்ன யுஎஸ்பியில் போட்டுக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் தன் மகளின் வீட்டில் இருந்தார். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கீறல் விழுந்த பாட்டு வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். தொடக்கத்திலிருந்து மறுபடி போடச் சொன்னார். நல்ல பாட்டு வந்தால் ஆட்டக்காரர்கள் செலக்டரிடம் அப்படித்தான் கேட்பார்கள். மூன்று முறை போட்டோம். டிக்கைப் பற்றி அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நெளிந்த 45 இன்னும் கண்ணாடிக்கு நடுவில் கிடக்கிறது. நேற்றுப் பார்த்தபோது பாதி நிமிர்ந்திருந்தது. இப்போது போட்டால் ஊசி ஏறி இறங்குகிறது, ஆனால் குதிக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் விடப் போகிறேன்.